காதால் படித்தவர்கள்

எதிர் வீட்டு அக்காவுக்கு ஒரு பழக்கம். காலை ஆறு மணிக்குச் சமையலறை விளக்கு எரிந்தால், கூடவே காதில் இயர்போன் ஏறிவிடும். கை பாட்டுக்கு வெங்காயம் உரிக்கும், கீரை ஆயும். காதில் வந்தியத்தேவன் குதிரையைத் தட்டிவிட்டுக்கொண்டிருப்பான்! 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் இப்படி அடுப்படியில் நின்றபடியே முடித்துவிட்டார். அந்தப் பெருமையை மகனிடம் சொல்லப்போக, காலேஜ் படிக்கும் பிள்ளை ஒரே வரியில் கவிழ்த்துவிட்டான். "கேட்டதெல்லாம் படிச்ச கணக்குல வராதும்மா!"

அக்கா நேராக என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்துவிட்டார். "நீங்களே சொல்லுங்க தம்பி, நான் படிச்சேனா இல்லையா?"

உடனே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால், 1950-லிருந்து 1954 வரை அந்தக் கதை 'கல்கி'யில் தொடராக வந்தபோதே அதைப் பலபேர் காதால்தான் படித்தார்கள். பத்திரிகை வந்ததும் வீட்டில் ஒருத்தர் உரக்க வாசிப்பார். பாட்டி முதல் பொடிசு வரை சுற்றி உட்கார்ந்து கேட்கும். 'தொடரும்' என்று வந்ததும் ஒரு பெருமூச்சு! திருவள்ளுவர்கூட கல்வி, கல்லாமை என்று இரண்டு அதிகாரம் எழுதிவிட்டு, அடுத்த அதிகாரத்துக்கு வைத்த பெயர் கேள்வி. கேட்டு அறிவதைத்தான் சொல்கிறார்.

இருந்தாலும் அக்காவின் வழக்குக்கு இதெல்லாம் போதாது. இன்னும் வலுவான சாட்சிகள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க நாம் கியூபா வரை போகவேண்டும்... சுருட்டுக் கொட்டகைக்கு!

ஒலிப்புத்தகத்தின் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக எடிசனிடமிருந்து ஆரம்பிப்பார்கள். 1877-ல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தவர், அடுத்த வருடமே அதன் பயன்களைப் பட்டியல் போட்டபோது, பார்வையற்றவர்களுக்கான பேசும் புத்தகத்தையும் சேர்த்திருந்தார். ஆனால், அவருடைய உருளையில் சில நிமிடப் பேச்சைத்தான் பதிய முடியும். நாவலுக்கு எங்கே போவது? பிரிட்டனில் பார்வையற்றவர்களுக்கான இசைத்தட்டுப் புத்தகங்கள் வருவதற்கு 1935 ஆகிவிட்டது. முதல் தட்டுகளில் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கதை ஒன்றும் ஜோசப் கான்ராட் கதை ஒன்றும் இருந்தன. முதல் உலகப் போரில் கண்ணை இழந்த சிப்பாய்களை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு அது.

ஹவானாவில் இதற்கெல்லாம் வெகு காலம் முன்பே வேலை தொடங்கிவிட்டது. மெஷின் எதுவும் இல்லாமல்!

ஒரு சுருட்டுக் கொட்டகையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பள்ளிக்கூட பெஞ்சு போல வரிசை வரிசையாக மேஜைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு தொழிலாளி. நறுக்கென்று நாலைந்து இலையைச் சேர்த்துப் பிடிப்பார், மேலே ஒரு இலையைச் சுற்றுவார், கடைசியில் பட்டுப்போன்ற மேல் இலையைப் போர்த்தி நுனியில் துளி பசை தடவுவார். கையில் பிடியில்லாத ஒரு வளைந்த கத்தி. அதற்கு 'சாவேத்தா' என்று பெயர். எண்ணிக்கைக்குத்தான் கூலி. காலையிலிருந்து மாலைவரை இதே வேலைதான். கை அதுவாகவே ஓடும். மனசுக்கு வேலையே கிடையாது. தறிக்கூடம் மாதிரி 'தடதட' சத்தமும் இல்லை. இலை சரசரக்கும் ஓசையைத் தவிர மயான அமைதி! கை வேலையாக இருக்கிறது... காது சும்மா இருக்கிறது. இந்தச் சும்மா இருக்கும் காதுதான் நம் கதையின் ஹீரோ.

சாதுர்னீனோ மார்த்தினெஸ் என்று ஒருவர். பகலில் சுருட்டுச் சுற்றுவார், இரவில் ஒரு நூலகத்தில் வேலை பார்ப்பார், நடுவில் கவிதையும் எழுதுவார். 1865 அக்டோபரில் தொழிலாளர்களுக்காக 'லா அவுரோரா' என்று ஒரு பத்திரிகையை ஆரம்பித்தார். 'விடியல்' என்று அர்த்தம். ஆரம்பித்த பிறகுதான் ஒரு சிக்கல் உறைத்தது. யாருக்காகப் பத்திரிகையோ, அவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் படிக்கத் தெரியாது!

சரி, தெரிந்தவர் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும் என்று முடிவாயிற்று. அதே வருடம் டிசம்பரில், 'எல் ஃபீகரோ' என்ற தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி எழுந்து நின்று வாசிக்க ஆரம்பித்தார். அவர் வாசிக்கும் நேரத்தில் சுருட்டு சுற்ற முடியாது, கூலி போய்விடும். அந்த நஷ்டத்தை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பகிர்ந்து ஈடுகட்டினார்கள். முதலாளி ஒரு காசு தரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதுதான் பின்னால் பெரிய பிரச்னையாக வெடிக்கப்போகிறது.

சில வாரங்களில் பர்தகாஸ் தொழிற்சாலையிலும் வாசிப்பு தொடங்கியது. அந்த முதலாளி கொஞ்சம் ரசிகர்போல, வாசிப்பவர் நிற்க ஒரு மேடையே போட்டுக்கொடுத்தார். மற்ற முதலாளிகளுக்கு அடிவயிற்றில் புளி கரைந்தது. காலையில் செய்தி, அப்புறம் சரித்திரம், அப்புறம் நாவல் என்று போனால், இவன் நாளைக்குக் கூலி பற்றிக் கேட்கமாட்டானா? அப்போது கியூபா ஸ்பெயினின் காலனி. வயல்களில் கறுப்பின அடிமைகள் வேலை செய்துகொண்டிருந்த காலம். பாமரனுக்கு விவரம் தெரிவது அரசாங்கத்துக்கும் பிடிக்கவில்லை. 1866 மே மாதம் ஹவானா ஆளுநர் ஒரு உத்தரவு போட்டார். தொழிற்கூடங்களில் புத்தகம், பத்திரிகை வாசித்துத் தொழிலாளர்களின் கவனத்தைக் கலைக்கக் கூடாது, வேலைக்குச் சம்பந்தமில்லாத விவாதமும் கூடாது... மீறினால் போலீஸ்!

கதை கேட்பதற்குத் தடை! ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பழக்கத்தைப் பார்த்து ஒரு சாம்ராஜ்யம் நடுங்கியிருக்கிறது.

1868-ல் சுதந்திரப் போர் வெடித்ததும் சுருட்டுத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்டி அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் போனார்கள். முதலில் கீ வெஸ்ட் தீவு. 1880-களின் நடுவில் டாம்பா பக்கத்தில் ஈபோர் சிட்டி என்று ஒரு சுருட்டு நகரமே எழுந்தது. வாசிப்பவரையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குள் அது தனி உத்தியோகமாகிவிட்டது. 'லெக்தோர்' என்று பெயர். கோட்டு, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு ஜம்மென்று வருவார். மைக் இல்லாத காலத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தின் கடைசி வரிசைவரை குரல் போகவேண்டும். அதனால் வேலைக்குச் சேர்க்கும் முன் குரல் தேர்வு உண்டு. தேர்வு செய்வது யார்? தொழிலாளர்கள்தான். சம்பளமும் அவர்களே ஆளுக்கு வாரம் இவ்வளவு சென்ட் என்று வசூலித்துத் தருவார்கள். எந்த நாவலைப் படிப்பது என்பதற்கு ஓட்டெடுப்பு. விக்டர் ஹ்யூகோ, எமிலி ஸோலா, செர்வாந்தெஸ் எல்லாரும் தேர்தலில் நின்றார்கள்! வாசிப்பு பிடித்துப்போனால் கை தட்ட முடியாது, கையில்தான் கத்தி இருக்கிறதே... அந்தக் கத்தியாலேயே மேஜைப் பலகையில் 'டக டக டக' என்று தட்டுவார்கள்.

அவர்களை மயக்கிப்போட்ட நாவல்களில் முக்கியமானது அலெக்ஸாந்தர் துய்மாவின் 'மாண்டி கிறிஸ்டோ பிரபு'. செய்யாத குற்றத்துக்குச் சிறை, தப்பித்தல், புதையல், பழிவாங்கல் என்று மசாலாவுக்குக் குறைவே இல்லாத கதை. இதுவும் பத்திரிகைத் தொடர்தான். 1844-லிருந்து 1846 வரை பாரிஸில் ஒரு தினசரியில் வந்தது. இன்றைக்கு ஒலிப்புத்தகமாகக் கேட்டால் 45 மணி நேரத்தைத் தாண்டும். கொட்டகையில் தினம் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் ஒன்றரை மாதத்துக்கு மேல். விறுவிறுப்பான இடத்தில் லெக்தோர் புத்தகத்தை மூடிவிட்டால், வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதே பேச்சு. 1935-ல் ஹவானாவில் ஒரு புது ரகச் சுருட்டு வந்தபோது அதற்கு 'மாண்டி கிறிஸ்டோ' என்றே பெயர் வைத்தார்கள். கொட்டகையில் அந்த நாவலுக்கு இருந்த மவுசுதான் காரணம். (புகைப்பது உடம்புக்குக் கேடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நமக்கு இங்கே புகை வேண்டாம், கதை போதும்.)

கதையோடு நின்றிருந்தால் முதலாளிகள் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். கியூப விடுதலையின் தந்தை ஹொசே மார்த்தி 1891 நவம்பரில் டாம்பா வந்தபோது, அவர் முன்னால் உட்கார்ந்திருந்தது இந்தச் சுருட்டுத் தொழிலாளர் கூட்டம்தான். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் அரசியல் அத்துப்படியாக இருந்தது. கூலியில் ஒரு பங்கை விடுதலைப் போருக்கு அனுப்பினார்கள். காது வழியாக எவ்வளவு தூரம் போக முடியும், பாருங்கள்!

மேடை ஏறியவர்களில் பெண்களும் உண்டு. லூயிஸா கப்பெத்தீயோ, போர்ட்டோ ரிகோக்காரர். சொந்த ஊர் அரெசிபோவின் சுருட்டுத் தொழிற்சாலையில் வாசித்தவர். உலக இலக்கியத்தை உரக்க வாசித்து வாசித்துத் தானே எழுத்தாளரானார், தொழிற்சங்கத் தலைவரும் ஆனார். 1915-ல் ஹவானாவில் அவரைக் கைது செய்தார்கள். குற்றம்? பொது இடத்தில் பேன்ட் போட்டுக்கொண்டு நடந்தார்! பெண் பேன்ட் அணியக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று வாதாடி வெளியே வந்துவிட்டார்.

ஈபோர் சிட்டியில் கடைசி அத்தியாயம் 1931 நவம்பரில் வந்தது. உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்த நேரம். டாம்பா முதலாளிகள் கூடிப் பேசி, இனி எந்தத் தொழிற்சாலையிலும் லெக்தோர் கிடையாது என்று அறிவித்தார்கள். செய்தி என்ற பெயரில் கம்யூனிசம் வாசிக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. மேடைகள் பிரித்தெறியப்பட்டன. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் குதித்தார்கள். கூலி உயர்வுக்கோ போனஸுக்கோ அல்ல, தங்களுக்கு வாசித்துக் காட்டிய மனிதருக்காக! பாவம், தோற்றுப்போனார்கள். லெக்தோர் திரும்பி வரவே இல்லை. அந்த இடத்தில் ரேடியோ வந்து உட்கார்ந்தது. ரேடியோவிடம் ஓட்டெடுப்பு நடத்த முடியுமா? இன்றைக்கு எந்த நாவல் என்று அதனிடம் சொல்ல முடியுமா? லெக்தோர்களில் ஒருவரான விக்தோரியானோ மன்தெய்கா மட்டும் முன்யோசனைக்காரர். 1922-லேயே 'லா கஸெத்தா' என்று ஒரு பத்திரிகையைத் தொடங்கியிருந்தார்.

கியூபாவில் என்ன ஆயிற்று? ரேடியோ அங்கேயும் வந்தது. ஆனால், லெக்தோர் போகவில்லை. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. படிக்கத் தெரியாததால்தான் கேட்டார்கள் என்றால், 1961-ல் நாடு முழுக்க எழுத்தறிவு இயக்கம் நடந்து எல்லாரும் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு, அந்த மேடை காலியாகியிருக்க வேண்டும் இல்லையா? ஆகவில்லையே! படிக்கத் தெரிந்தவர்களும் காலையில் செய்தியும் பிறகு நாவலும் கேட்டுக்கொண்டுதான் சுருட்டுச் சுற்றினார்கள். 2012-ல் கியூபா இந்தப் பழக்கத்தை நாட்டின் கலாசாரச் சொத்து என்று அறிவித்தது. முன்பு தொண்டை கிழிந்தது, இப்போது மைக் உண்டு. வேறு பெரிய வித்தியாசம் இல்லை.

இவ்வளவு தூரம் போவானேன், பக்கத்தில் கேரளத்துக் கண்ணூரிலேயே இதன் தம்பி இருந்தான். பீடித் தொழிலாளர்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு இலை சுற்றும்போது, ஒருவர் மட்டும் பேப்பரும் நாவலும் வாசிப்பார். அவருடைய பங்கு பீடியை மற்றவர்கள் சேர்த்துச் சுற்றிவிடுவார்கள். 1969-ல் தொடங்கிய தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கத்தின் கொட்டகைகளிலும் இந்த வாசிப்பு நடந்தது. ஹவானாவைப் பற்றிக் கேள்விப்பட்டுச் செய்தார்களா, தானாக வந்த யோசனையா? எண்ணிக்கைக் கூலியும், சத்தமில்லாத வேலையும், சும்மா இருக்கும் காதும் ஒரே இடத்தில் சேர்ந்தால் போதும், யோசனை தானாகவே வரும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். இயர்போனில் ஒரு குறை இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. கொட்டகையில் முந்நூறு பேர் ஒரே கதையை ஒரே நேரத்தில் கேட்டார்கள், அழுதார்கள், சண்டை போட்டார்கள். இங்கே அக்கா தனியாகக் கேட்கிறார். நந்தினிக்கு என்ன ஆகுமோ என்று பதறினால்கூட, பகிர்ந்துகொள்ளப் பக்கத்தில் குக்கர்தான் இருக்கிறது.

அக்கா பொறுமையாகக் கேட்டார். மகனை ஒரு பார்வை பார்த்தார். கீரைக்கட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டு, இயர்போனில் ஒன்றைக் கழற்றி நீட்டினார்.

"இந்தா, நீ ஆய்ஞ்சுக்கிட்டே கேளு. முதல் பாகத்துலேர்ந்து திரும்பப் போடறேன்."