இரண்டு தலை மாடும் ஹாங்காங் முகமூடியும்



போன சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தென்காசி மாணவர்கள் சிலரோடு குற்றாலம் மெயினருவிக்குப் போயிருந்தேன். வெள்ளம் வந்ததால் குளிக்கத் தடை. சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒரு தம்பி போனில் துப்பாக்கி விளையாட்டு ஒன்றைத் திறந்து காட்டினான். எதிரணியின் பெயரே ஒரு சாதிப் பெயர்தான், பின்னால் 'படை' என்று சேர்த்திருந்தார்கள். உள்ளே நம் பிள்ளைகளை என்ன சொல்லித் திட்டுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"ரிப்போர்ட் பண்ணி மூணு மாசம் ஆச்சு அண்ணா. அப்படியே இருக்கு."

"அவங்களுக்கு இது தப்புன்னே தெரியாது போல" என்றான் இன்னொருவன்.

எது தப்பு என்று இந்தக் கம்பெனிகளுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

2019 அக்டோபர் 6. ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டு விளையாட்டின் ஆசிய பசிபிக் போட்டியில் வென்ற ஹாங்காங் இளைஞர் பிளிட்ஸ்சுங், நேரலைப் பேட்டிக்கு முகமூடியோடு வந்தார். ஹாங்காங்கில் மாதக்கணக்கில் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். ஹாங்காங்கை விடுவிக்கச் சொல்லும் முழக்கத்தை எழுப்பினார். இரண்டே நாளில் பிளிசார்ட் கம்பெனி அவருக்கு ஓராண்டுத் தடை விதித்தது, பரிசுப் பணத்தையும் பிடுங்கிக்கொண்டது. பேட்டி எடுத்த இரண்டு தொகுப்பாளர்களோடும் உறவை முறித்தது. சீனாவில் அதன் விளையாட்டுகளை நடத்தியது நெட்ஈஸ். தாய்க் கம்பெனியில் டென்சென்ட்டுக்கு 5 சதவீத அளவில் பங்கும் இருந்தது.

அடுத்து நடந்ததுதான் நமக்குப் பாடம். கலிபோர்னியாவில் உள்ள அதன் தலைமையகத்தில் ஒரு சிலை நிற்கிறது. சுற்றிலும் தரையில் கம்பெனியின் கொள்கைகளைப் பொறித்திருக்கிறார்கள். 'ஒவ்வொரு குரலும் முக்கியம்' என்பது அதில் ஒன்று. ஊழியர்களே அந்த வரியைக் காகிதத்தால் மூடி ஒட்டினார்கள். விளையாடுகிறவர்கள் கணக்கை அழித்தார்கள். அமெரிக்காவின் இரு கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்களும் சேர்ந்து கண்டனக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதம் வரும் முன்பே, ஒரு வாரத்துக்குள், தடை ஆறு மாதமானது, பரிசுப் பணம் திரும்பியது. சீன உறவு எங்கள் முடிவைப் பாதிக்கவில்லை என்றார் கம்பெனித் தலைவர். நம்புகிறவர்கள் நம்பலாம். அப்படிக் காப்பாற்றிய நெட்ஈஸ் ஒப்பந்தம் 2023 சனவரியில் முறிந்து, சீனாவில் அதன் முக்கிய விளையாட்டுகள் ஓராண்டுக்கு மேல் நின்றுபோனது தனிக்கதை.

சீனாவை மட்டும் பேசிவிட்டு நகர்ந்தால் அது வசதியான பேச்சு. நம் நாட்டுக் கதை அதற்கும் பதினோரு ஆண்டு மூத்தது. 2008 அக்டோபரில் ஃபால்அவுட் 3 விளையாட்டை இந்தியாவில் வெளியிடப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 'பண்பாட்டு உணர்வுகளை' முன்னிட்டு எடுத்த 'வியாபார முடிவு' என்றது. எந்த உணர்வு, யாருடையது என்று சொல்லவில்லை. அணுப்போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் நடக்கும் அந்தக் கதையில், கதிர்வீச்சால் இரண்டு தலையோடு பிறக்கும் மாடுகள் உண்டு. 1997-ல் வந்த முதல் விளையாட்டிலிருந்தே அந்த மாட்டுக்குப் பெயர் 'பிராமின்'. காரணம் அதுதான் என்று பலரும் ஊகித்தார்கள். அரசு தடை போடவில்லை. கம்பெனியே முந்திக்கொண்டு குனிந்தது.

அரசு தடை போட்டது 2020 செப்டம்பர் 2-ல். கல்வான் மோதலுக்குப் பிறகு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்படி 118 செயலிகள் முடக்கப்பட்டன, பப்ஜி மொபைலும் அதில் போனது. கொரியக் கம்பெனி இந்திய உரிமையை டென்சென்ட்டிடமிருந்து எடுத்துக்கொண்டது. 2021 சூலையில் பெயரில் 'இந்தியா'வைச் சேர்த்து, ரத்தத்தைப் பச்சையாக்கித் திரும்பி வந்தது. சந்தை வேண்டும் என்றால் ரத்தத்தின் நிறத்தையே மாற்ற முடிகிறது. ஒரு சாதிப் பெயரை வடிகட்டுவது தொழில்நுட்பத்தால் முடியாத காரியமா?

'உணர்வு' என்ற சொல் எங்கள் குற்றாலத்துக்குப் புதிதல்ல. நாங்கள் உட்கார்ந்திருந்த அதே அருவியில் ஒரு காலத்தில் நம் மக்கள் குளிக்க முடியாது. 1934-ல் இங்கே வந்த காந்தி, அதைக் கேள்விப்பட்டுத் தானும் குளிக்க மறுத்தார். பூனா ஒப்பந்தத்தை நாம் மறக்கவில்லை, ஆனாலும் இதை எழுதி வைப்பதுதான் நேர்மை. அன்றும் கணக்கில் எடுத்தது, நாம் நனைந்தால் தீட்டு என்று நினைத்தவர்களின் உணர்வைத்தான். வெளியே நின்றவர்களுக்கு ஓர் உணர்வு இருக்கும் என்று எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

கம்பெனிக் கணக்கில் சாதி ஏறவே ஏறாது என்றும் இல்லை. 2020 சூனில் கலிபோர்னியா அரசின் வேலைவாய்ப்பு உரிமைத் துறை, தலித் பொறியாளர் ஒருவருக்காக சிஸ்கோ மீது வழக்குப் போட்டது. அதே துறைதான் அடுத்த ஆண்டு சூலையில், பெண் ஊழியர்களை நடத்திய விதத்துக்காக, பிளிசார்டின் தாய்க் கம்பெனியையும் நீதிமன்றத்துக்கு இழுத்தது. ஆப்பிள் தன் ஊழியர் நடத்தை விதிகளில் சாதி என்ற சொல்லைச் சேர்த்ததும் அந்தக் காலத்தில்தான். இவையெல்லாம் ஊழியருக்கான விதிகள். விளையாடுகிற பிள்ளைக்கு?

கையில் கட்டும் கலர் கயிற்றைப் பள்ளியில் தடை செய்யச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024-ல் பரிந்துரைத்தது. கயிற்றைக் கழற்றினாலும் அதே அணி, அதே வசவு, ராத்திரி போனுக்குள் தொடர்கிறது. அந்தத் தம்பி அங்கேயே உட்கார்ந்து தன் விளையாட்டின் நடத்தை விதிகளைத் திறந்தான். இனம், மதம், பாலினம், நாடு எல்லாம் இருந்தன. சாதி என்று தேடினான். இல்லை.

கடிதம் எழுதலாம் என்று முடிவானது. முதல் வரைவைத் தம்பியே ஆங்கிலத்தில் எழுதுகிறான். உங்கள் போனிலும் இப்படிப்பட்ட பெயர்கள் இருந்தால் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். திட்டியவன் பெயரோடு, ரிப்போர்ட் செய்த நாளும் அதற்கு வந்த பதிலும் வேண்டும்.