குடையும் கூண்டும்

ராஜாவால் தவறு செய்யவே முடியாது என்பது இங்கிலீஷ்காரர்களின் பழைய சட்டக் கொள்கை. நம்முடைய பழங்கதை இதற்கு நேர் எதிர். கோவலனைக் கொன்ற பிழை தெரிந்த கணத்தில் பாண்டியன் சிம்மாசனத்திலேயே உயிரை விட்டான். அவனை விசாரிக்கக் கண்ணகி ஒருத்தியே போதுமாக இருந்தது.

1950-இல் குடியரசான நாம் எந்த வழியை எடுத்துக்கொண்டோம்? அரசியல் சட்டத்தின் 361-ஆவது ஷரத்தைப் படித்தால் தெரியும். ஜனாதிபதியும் கவர்னர்களும் தங்கள் அதிகாரத்தைச் செலுத்தியதற்காக எந்தக் கோர்ட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பதவிக் காலத்தில் அவர்கள்மேல் கிரிமினல் வழக்கு நடத்தக் கூடாது. கைது வாரண்டும் கூடாது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு பிராது வந்தால் ராஜாங்கம் நடக்காது என்பதால் பிடித்த குடை இது. மந்திரிகளுக்கு இந்தக் குடை இல்லை. பிரதம மந்திரிக்கும் இல்லை.

இந்த வித்தியாசத்தை விழுப்புரத்து விவகாரம் ஒன்று நன்றாகக் காட்டியது. அந்த ஊரிலிருந்து பல முறை சட்டசபைக்குப் போய் மந்திரியானவர் பொன்முடி. வருமானத்துக்கு மிஞ்சிய சொத்து வழக்கில் விழுப்புரம் தனி நீதிமன்றம் 2016-இல் அவரை விடுவித்தது. 2023 டிசம்பரில் சென்னை ஹைகோர்ட் அதை ரத்துசெய்து மூன்று வருஷச் சிறை விதித்தது; பதவி போயிற்று. 2024 மார்ச் 11-ஆம் தேதி ஸுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. அவரை மறுபடி மந்திரியாக்கும்படி முதல் மந்திரி ஸ்டாலின் எழுதினார். தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டதே தவிர ரத்தாகவில்லை என்று சொல்லி, பிரமாணம் செய்துவைக்க அப்போதைய கவர்னர் ஆர்.என்.ரவி மறுத்துவிட்டார்.

பொன்முடி குற்றவாளியா, நிரபராதியா என்பது இங்கே என் கேள்வியல்ல. மந்திரி கூண்டில் நின்றார். கவர்னர் செய்தது பிசகானால் அவருக்கு எந்தக் கூண்டு?

கூண்டு உண்டு. அதில் ஆளுக்குப் பதிலாக அவர் செய்த காரியம் நிற்கும். பீகார் சட்டசபையைக் கலைத்த வழக்கில், 2006-இல், ஸுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாக்கியது: கவர்னரைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது, அவருடைய செய்கை செல்லுமா என்று பார்க்கத் தடையில்லை. விழுப்புரத்து விவகாரத்திலும் அப்படியே. 2024 மார்ச் 21-ஆம் தேதி கவர்னரின் போக்கைக் கோர்ட் கடுமையாகக் கண்டித்து ஒரு நாள் அவகாசம் கொடுத்தது. எதிரே நின்று கேட்டுக்கொண்டவர் அட்டர்னி ஜெனரல். மறுநாளே பிரமாணம் நடந்தது.

குடைக்குக் கெடுவும் உண்டு. பாபர் மசூதி வழக்கில், ராஜஸ்தான் கவர்னராக இருந்தவரையில் கல்யாண் சிங் விசாரிக்கப்படவில்லை. 2019 செப்டம்பரில் பதவி முடிந்தது. அதே மாதம் கோர்ட்டில் வந்து நின்றார். மறு வருஷம் விடுதலையானார் என்பது வேறு விஷயம். இலங்கையில், 2019-ஆம் வருஷத்து ஈஸ்டர் குண்டுவெடிப்பைத் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி சிறிசேன பத்துக் கோடி ரூபாய் நஷ்ட ஈடு தர வேண்டுமென்று 2023-இல் ஸுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது.

அமெரிக்காவிலோ, ஜனாதிபதியின் உத்தியோகச் செய்கைகளுக்குப் பதவி போன பிறகும் பாதுகாப்பு உண்டென்று 2024 ஜூலையில் தீர்ப்பாயிற்று. குடையை வீட்டுக்கே கொண்டுபோகலாம் என்கிற தீர்ப்பு! பின்னால் வழக்கு வருமோ என்று பயந்தால் துணிந்து காரியம் செய்ய முடியாதாம். அந்தப் பயம் கொஞ்சம் இருப்பதே குடிகளுக்கு நல்லது என்று எனக்குப் படுகிறது.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தார். அந்தப் பதவிக்கும் குடை இல்லை. சிபாரிசுக்கு மசியாததால் சொந்தக் கட்சிக்காரர்களுக்கே கசந்துபோனார். பதவி போனதும் வடலூருக்குப் போய் வள்ளலாரின் பணியில் அமர்ந்தார். ஆள்கிறவர்கள் எல்லாரும் ஓமந்தூராராக இருந்துவிட்டால் சட்டத்துக்கு வேலையே இல்லை. அப்படி இல்லாததால்தான் குடையைக் கொடுக்கும்போதே திருப்பித் தரும் நாளையும் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.