இரவில் ஒளிரும் பறக்கும் தட்டுகள்

பறக்கும் தட்டு என்பது ஒருவர் சுழற்றி எறிய மற்றொருவர் பிடித்து விளையாடும் வட்டமான நெகிழித் தட்டு ஆகும். ஃபிரிஸ்பீ என்ற வணிகப் பெயராலேயே பலரும் இதனை அறிவர். பொழுது சாய்ந்த பின்னும் ஆட்டத்தைத் தொடர, தட்டையே ஒளிரச் செய்யும் பல வழிகள் கையாளப்பட்டன. தட்டில் ஒளியைச் சேர்ப்பது கடினமன்று. அதன் பறக்கும் தன்மை கெடாமல் சேர்ப்பதே கடினமாக இருந்தது.

தோற்றம்

அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஃபிரெட் மாரிசன் 1930களின் இறுதியில் கேக் தகரத் தட்டை எறிந்து விளையாடினார். கடற்கரையில் அதைக் கண்ட ஒருவர் 25 சென்ட் கொடுத்து வாங்கிக்கொள்ள முன்வந்தார். இதில் ஒரு தொழில் இருப்பதை உணர்ந்த மாரிசன், 1948இல் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து நெகிழித் தட்டு தயாரித்தார். அவருடைய பிந்தைய வடிவத்தை வாம்-ஓ நிறுவனம் 1957இல் வாங்கி, அதே ஆண்டில் ஃபிரிஸ்பீ எனப் பெயரிட்டது.

விளக்கொளியில் வளர்ந்த ஆட்டம்

தட்டைக் கொண்டு ஆடும் குழு விளையாட்டான அல்டிமேட், 1968இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் மேப்பிள்வுட் நகரில் உள்ள கொலம்பியா உயர்நிலைப் பள்ளியில் தோன்றியது. அடுத்த ஆண்டு முதல் மாணவர்கள் மாலை வேளைகளில் பள்ளியின் வாகன நிறுத்துமிடத்தில் ஆடினர். அங்கிருந்த பாதரச ஆவி விளக்குகளே அவர்களுக்கு வெளிச்சம் தந்தன. விளக்கு இல்லாத கடற்கரையிலும் புல்வெளியிலும் இந்த வசதி கிடையாது. அங்கு ஆட வேண்டுமானால் ஒளி தட்டிலேயே இருக்க வேண்டும்.

நின்றொளிரும் தட்டுகள்

முதல் வழி, நின்றொளிரும் பொருளை நெகிழியுடன் கலப்பது. இப்பொருள் விளக்கொளியை உள்வாங்கி, இருட்டில் சிறிது சிறிதாக வெளிவிடும். தொடக்கத்தில் தாமிரம் சேர்த்த துத்தநாக சல்பைடு பயன்பட்டது. அதன் ஒளி சில நிமிடங்களிலேயே மங்கத் தொடங்கும். எனவே ஆட்டத்தை அடிக்கடி நிறுத்தி, கைவிளக்கின் முன் தட்டைப் பிடிக்க வேண்டியிருந்தது.

1990களில் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனத்தார் யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் சேர்த்த ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டை உருவாக்கினர். இது பழைய பொருளைவிடப் பல மடங்கு பிரகாசமாகவும் பல மணி நேரமும் ஒளிரும். இதன் பச்சை நிறத்தால் ஒரு நன்மையும் உண்டு. மங்கலான ஒளியில் நாம் பார்ப்பது விழித்திரையின் குச்சி செல்களால் ஆகும். அவை சுமார் 507 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலப்பச்சை ஒளியைச் சிறப்பாக உணர்கின்றன. அதனால் சிவப்பைவிடப் பச்சை ஒளி இருட்டில் எளிதாகத் தெரியும்.

ஒளிக்குச்சிகள்

1970களில் அமெரிக்கன் சயனமைடு நிறுவனத்தின் வேதி ஒளிக்குச்சிகள் விற்பனைக்கு வந்தன. குச்சியை வளைத்தால் உள்ளிருக்கும் கண்ணாடிக் குழல் உடையும். அதிலுள்ள திரவம் வெளியிலுள்ள திரவத்துடன் கலந்து ஒளி பிறக்கும். ஆட்டக்காரர்கள் இக்குச்சிகளைத் தட்டின் அடியில் ஒட்டினர். ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டினால் சமநிலை தவறித் தட்டு ஆட்டம் கண்டு விழும். எனவே இரண்டு அல்லது மூன்று குச்சிகளைச் சம இடைவெளியில் ஒட்ட வேண்டும்.

எல்.இ.டி. தட்டுகள்

தட்டு சீராகப் பறப்பதற்குச் சுழற்சியே காரணம். விளிம்பு தடித்திருப்பதால் நிலைமத் திருப்புத்திறன் மிகுந்து, சுழலும் தட்டு எளிதில் சாயாது. மின்கலம் போன்ற கனமான பொருளை விளிம்பில் வைத்தால் இந்த ஒழுங்கு கெடும். மையத்தில் வைத்தால் பாதிப்பு குறைவு. ஆனால் மையத்தில் ஒரே ஒளிப்புள்ளி இருந்தால், தட்டு எங்கே வருகிறது என்று தெரியுமே தவிர எந்தப் பக்கம் சாய்ந்து வருகிறது என்று தெரியாது. சாய்வைப் பார்த்துத்தான் பிடிப்பவர் தட்டு வளையும் திசையைக் கணிக்கிறார்.

இதற்குத் தீர்வாக ஒளியிழைகள் அமைந்தன. எல்.இ.டி. விளக்கும் மின்கலமும் மையத்தில் இருக்க, ஒளியிழைகள் வெளிச்சத்தை விளிம்பை நோக்கிக் கொண்டுசெல்கின்றன. அமெரிக்காவின் ஃப்ளாஷ்ஃப்ளைட் தட்டு இம்முறையில் செய்யப்பட்டது. அதன் எடை 185 கிராம். அல்டிமேட் போட்டிகளில் ஆடும் தட்டின் எடை 175 கிராம். வேறுபாடு 10 கிராம் மட்டுமே.

இன்றைய நிலை

நின்றொளிரும் தட்டும் எல்.இ.டி. தட்டும் இன்று வழக்கில் உள்ளன. முன்னதற்கு மின்கலம் தேவையில்லை. பின்னது புல்லில் விழுந்தாலும் எளிதில் கண்டெடுக்கலாம். எனினும் தட்டின் ஒளி உடன் ஆடுபவரைக் காட்டாது. தட்டை மட்டும் பார்த்து ஓடும் இருவர் மோதிக்கொள்ள நேரிடும். அதனால் இரவில் ஆடுவோர் கையில் ஒளிரும் வளையம் அணிவதும், பள்ளம் மேடு இல்லாத திடலைப் பகலிலேயே பார்த்துவைப்பதும் நல்லது.