உலைக்கு யோசனை சொன்னவர்கள்

சங்கத்து மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர்கள், "ஏதாவது இலக்கியமா எழுதுங்க நயினாரே" என்றார்கள். அடியேனுக்குத் தெரிந்த இலக்கியம் சுட்ட செங்கல்தான். திண்டிவனம் பக்கத்திலிருந்து புனே வந்து முப்பத்தெட்டு வருஷம். பிழைப்பு, போசரியில் ஃபயர் பிரிக் வியாபாரம். ஆகவே உலையைப் பற்றியே எழுதுகிறேன். படிப்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

நம்ம புனேயில் உலைக்குப் பஞ்சமில்லை. முந்த்வாவில் பாரத் ஃபோர்ஜ் 1961-ல் தொடங்கியது. அதன் பிறகு பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரி என்று ஃபோர்ஜிங்கும் ஃபவுண்டரியும் பெருகின. இரும்பு ஆயிரத்து இருநூறு டிகிரிக்குச் சூடேறும் இடத்தில் சுவருக்கு எந்தக் கல், எத்தனை கனம், எவ்வளவு காற்று, முதல் தடவை எத்தனை மணி நேரத்தில் சூடேற்றுவது என்று சொல்ல ஆள் வேண்டும். இன்று அதற்கென்றே கன்சல்டிங் ஆபீஸ்கள் இருக்கின்றன. அந்தத் தொழிலின் பூர்வீகம் எதுவென்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

நான் தேடி அகப்பட்டதல்ல, தற்செயலாக அகப்பட்டது. எரவாடாவிலுள்ள டெக்கன் கல்லூரி நூலகத்துக்கு நான் போனது வேறொரு புத்தகத்துக்காக. எஸ்.பி. தேவ் என்னும் அறிஞர் ஜைனத் துறவிகளின் வரலாறு பற்றி எழுதி 1956-ல் வெளிவந்த நூல் அது. அவர் வேறென்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்தால், நாக்பூர் பக்கம் நைகுண்டில் நடந்த அகழாய்வு அறிக்கை வருகிறது! 1978 முதல் 1980 வரை அவரும் ஏ.பி. ஜாம்கேட்கரும் செய்த வேலை. அங்கே கிடைத்தது பெருங்கற்கால இரும்பு உலை. சுமார் கி.மு. 700. காற்று ஊதும் சுடுமண் குழாய், சுற்றிலும் சிட்டம், எல்லாவற்றுக்கும் மேலாக வளைந்த செங்கல். வட்ட உலைக்கு நேர்கல் வைத்தால் இடுக்கு விழும், அதில் நெருப்பு புகும். நான் இன்று வட்ட உலைக்கு விற்கும் ஆப்புக்கல்லின் பாட்டன் அது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று கடைக்குத் திரும்பத் தோன்றவில்லை.

அதே கல்லூரியின் வி.டி. கோக்டே, தாதுவையும் சிட்டத்தையும் ரசாயனப் பகுப்பாய்வு செய்து அந்த உலை எவ்வளவு திறமையாக வேலை செய்தது என்று ஆராய்ந்தார். சிட்டத்தில் இரும்பு மிச்சமிருந்தால் அந்த அளவுக்கு உலையின் நஷ்டம். இன்றைய கன்சல்டன்ட் செய்வதும் இதே சோதனைதான். வாடிக்கையாளர் மட்டும் இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் தாமதம்!

இனி நம்ம ஊர்க் கதை. ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை உத்தியோகஸ்தர். வேலையை விட்டுவிட்டு 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். சேலத்துத் தாது, மரக்கரி, இங்கிலீஷ் பாணி ஊதுலை. தாது மலையடிவாரத்தில், உலை கடற்கரையில். கரிக்கோ காடு காடாக வெட்ட வேண்டும். கம்பெனி கடன் கொடுத்தும் ஆலை லாபம் பார்க்கவில்லை. கணக்குத் தெரிந்த எந்தச் செட்டியாரும் முதல் நாளே சொல்லியிருப்பார்.

ஆனால் மனிதர் கண் கூர்மையானது. நம் கொல்லர்கள் உருக்கு செய்யும் முறையை 1839-ல் வெளிவந்த கட்டுரையில் விவரித்திருக்கிறார். சின்ன மண் மூசையில் இரும்புத் துண்டு, கூடவே எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்கட்டை, மேலே எருக்கிலை, வாயை மண்ணால் பூசி அடைத்துவிடுவது. இருபது இருபத்துநாலு மூசைகளை வளைவாக அடுக்கிச் சுமார் இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதினால் உருக்கு தயார். எகிப்தியர் கல்லில் எழுத்து வெட்டிய உளியும் இந்திய உருக்குத்தான் என்கிறார். அது கொஞ்சம் கூடுதல் என்று எனக்குப் படுகிறது.

அதே 1839-ல் இங்கிலாந்தில் அவர் ஒரு காப்புரிமை பெற்றார். உருக்கில் மாங்கனீஸ் கார்பைடு கொஞ்சம் சேர்த்தால் மட்டரக இரும்பிலிருந்தும் நல்ல உருக்கு வரும். ஷெஃபீல்டு ஆலைகளுக்கு இது பெரிய லாபம். அப்புறம் ஹீத்தே ஒரு மலிவான வழியையும் சொன்னார். கார்பைடைத் தனியாகச் செய்ய வேண்டாம், மாங்கனீஸ் ஆக்ஸைடையும் கரிப்பொருளையும் நேரே மூசையில் போடுங்கள், உள்ளேயே அது உண்டாகும் என்று. அங்கேதான் பிடி நழுவியது. அவருடைய ஏஜென்டாக இருந்த அன்வின் அந்த வழியிலேயே தனியாகத் தொழில் நடத்தினார். ஹீத் வழக்குப் போட்டார். காப்புரிமைப் பத்திரத்தில் எழுதியிருப்பது கார்பைடு, மூசையில் போட்டது ஆக்ஸைடு, ஆகவே மீறல் இல்லை என்பது எதிர்வாதம். வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. நடுவிலேயே ஹீத் காலமானார். 1855-ல் பிரபுக்கள் சபைத் தீர்ப்பும் அவர் பக்கத்துக்கு விரோதமாகவே வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு 1994 ஞாபகம் வந்தது. பெயர் வேண்டாம், ஒரு பட்டறை. கதவு வளைவுக்கு காஸ்டபிள் பூசிக்கொடுத்தோம். எங்க கள்ளக்குறிச்சிக் கொத்தனாருக்கு நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்லத் தெரியும். "ஈரம் உள்ள இருக்குது, மெதுவா ஏத்தச் சொல்லுங்கய்யா" என்றார். நானும் அட்டவணை எழுதிக் கொடுத்தேன். அவர்கள் ஒரே ராத்திரியில் ஏற்றினார்கள். நீராவி வெளியேற வழியில்லாமல் பூச்சு வெடித்துக் கொட்டியது. பழி கல் விற்றவன் மேல். பிறகு மும்பையிலிருந்து ஒருவர் வந்து, டைப் அடித்த அறிக்கையில் அதே அட்டவணையைக் கொடுத்து ஃபீஸ் வாங்கிப் போனார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. கொத்தனாருக்குக் கிடைத்தது மறுபூச்சுக்கான தினக்கூலி.

அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அவருக்குத் தெரிந்த நிறங்களை நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

போன வருஷம் முதல் என் பில்லில் கல், சிமென்ட், கூலிக்குக் கீழே "ஆலோசனை" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இருவர் மறு பேச்சில்லாமல் கொடுத்தார்கள். மூன்றாமவர் அந்த வரியை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு மீதிக்குச் செக் எழுதினார்.