விடுவிப்பது யார் பொறுப்பு?

கணினி வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: கேட்டு வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுப்பது யார்?

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழியில், ஒரு பெயரோ முகவரியோ எழுத்துகளின் சரமாக நினைவகத்தில் கிடக்கும். நிரலின் கையில் இருப்பது, அது தொடங்கும் இடத்தைக் காட்டும் சுட்டி மட்டுமே. 'ஸ்ட்ர்டூப்' ஒரு சரத்தை நகலெடுத்துத் தரும். அந்த நகலை வாங்கியவர்தான் விடுவிக்க வேண்டும். 'கெட்என்வ்' தரும் சரத்தையோ விடுவிக்கவே கூடாது. இரண்டும் தருவது ஒரே வகைச் சுட்டி. பொறுப்பு யாருடையது என்பது கையேட்டில் மட்டும் இருக்கிறது. மறந்தால் நினைவகம் வீணாகும். இருமுறை விடுவித்தால் நிரல் குலையும், சில வேளை தாக்க வருபவருக்கு வழியும் திறக்கும்.

அப்போது வரும் பதில், "கவனமாக இருந்திருக்க வேண்டும்." பெண்களுக்கு இது பழகிய பதில். எந்த வேலை யாருடையது என்று வீட்டில் எங்கும் எழுதி வைத்திருக்காது. ஆனால் அது தெரிந்திருக்க வேண்டியவள் ஒருத்தி எப்போதும் இருப்பாள்.

வேறு வழி அதே பத்தாண்டிலேயே இருந்தது. எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவ் தம் மாணவர்களோடு க்ளூ மொழியை வடிவமைத்தார். அதில் ஒரு சரத்தை எத்தனை இடங்களிலும் பகிரலாம், மாற்ற முடியாது. தேவை தீர்ந்ததை மொழியே அப்புறப்படுத்தும். ஆனால் அந்தத் துப்புரவுக்கு நிரல் ஓடும்போதே நேரம் செலவாகும். இயங்குதளம் எழுதியவர்கள் பெரும்பாலும் சி மொழியிலேயே தங்கிவிட்டார்கள்.

1986இல் ராபர்ட் ஸ்ட்ரோமும் ஷாவுலா யெமினியும் 'டைப்ஸ்டேட்' என்ற கருத்தை வெளியிட்டார்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு மாறி எந்த நிலையில் இருக்கிறது என்று கம்பைலர் கணக்கு வைக்கும்; மதிப்பில்லாத மாறியைத் தொட்டால், நிரல் ஓடும் முன்பே மறுத்துவிடும். கவனம் என்பது தனியொருவரின் குணமாக இல்லாமல் விதியாக மாறியது.

2015இல் 1.0 பதிப்பு கண்ட ரஸ்ட் மொழியின் ஆவணம், டைப்ஸ்டேட்டுக்காக அவர்களுடைய நில் மொழியைக் குறிப்பிடுகிறது. ரஸ்ட் அந்த வசதியை அதே வடிவில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் கைமாறிய சரத்தைப் பழைய பெயரால் தொட்டால் கம்பைலர் தடுக்கிறது. சொந்தச் சரம் ஒரு வகை, இரவல் சரம் வேறு வகை. சொந்தமானவரின் எல்லை முடிந்ததும் நினைவகம் தானே விடுபடும்.

லிஸ்கோவுக்கு 2008ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. ரஸ்ட் பற்றி நான் கேட்ட உரைகள் எதிலும் யெமினியின் பெயர் வந்ததில்லை. சரத்துக்கு உரிமையாளர் யார் என்று இவ்வளவு கறாராகக் கேட்கும் நாம், அந்தக் கேள்வியைக் கருத்துகளுக்கும் கேட்க வேண்டும்.