சந்தா

அலுவலகச் சர்வர்களுக்கு ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் வாங்கும்போது கொள்முதல் தாளில் ‘மென்பொருள் உரிமம்’ என்றே எழுதிவிடுகிறார்கள். அது பொருந்தாத சொல். லினக்ஸ் கருநிரல் ஜிபிஎல் உரிமத்தில் வருவது. அதை இயக்கவும் நகலெடுக்கவும் எல்லோருக்கும் உரிமை ஏற்கெனவே உண்டு. காசு கொடுத்து வாங்குவது சந்தா. அது காலாவதியானாலும் சர்வர் நின்றுவிடாது. ஆனால் ‘டிஎன்எஃப் அப்டேட்’ என்று தட்டினால் பாதுகாப்புத் திருத்தங்கள் இறங்காது, நள்ளிரவில் சிக்கல் வந்தால் கூப்பிட ஆள் இருக்காது. ‘சில, எத்தனை’ என்று பொருள்படும் ‘சந்த்’ என்ற பாரசீகச் சொல்லின் வழிவந்தது சந்தா. இந்தியில் இன்றும் கோயிலுக்கும் கட்சிக்கும் பலரிடம் திரட்டும் பணம்தான் அது. தமிழில் பத்திரிகைகளோடு ஒட்டிக்கொண்டு ஆண்டுச் சந்தா, ஆயுள் சந்தா என முன்பணமாகிவிட்டது. நம்மிடமும் ஒரு சொல் இருந்தது: கையொப்பம். உ.வே.சாமிநாதையர் 1887இல் வெளியிட்ட சீவக சிந்தாமணிக்கு முன்கூட்டியே கையொப்பக்காரர்களைச் சேர்த்தார். ‘சப்ஸ்கிரிப்ஷன்’ என்பதன் லத்தீன் வேரும் ‘அடியில் எழுதுதல்’தான், எவ்வளவு அழகான பொருத்தம்! ஆனால் இன்று கையொப்பம் என்றால் பெயரெழுதுவது மட்டுமே. ‘தொடர்கட்டணம்’ என்று சொல்லலாம். அதில் பணம் தெரிகிறது, பலர் கூடிப் போடுவது தெரியவில்லை. எனக்குச் சந்தாவே போதும். எண்ணற்ற நிறுவனங்கள் போடும் அந்தப் பணத்தில்தான் ஒரே பதிப்பைப் பத்தாண்டுகள் திருத்திக் காக்கும் பொறியாளர்களுக்குச் சம்பளம் போகிறது.