தமிழகக் கடற்கலங்கள்

வணிகக் கப்பல் வேறு, போர்க்கப்பல் வேறு என்ற பிரிவு தமிழகக் கரையில் பிற்காலத்தில்தான் அழுத்தம் பெற்றது. சங்க நூல்களில் ஆற்றைக் கடக்க அம்பி, மீன் பிடிக்கத் திமில், பெருங்கடலுக்கு வங்கமும் நாவாயும் வருகின்றன. சேரரின் முசிறித் துறைக்கு, மிளகு தேடி யவனக் கலங்கள் வந்தன. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான 'பெரிப்ளுஸ்', மரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கரா' என்னும் பெரிய கலங்களைச் சோழமண்டலக் கரையில் குறிப்பிடுகிறது.

1025இல் இராசேந்திர சோழனின் படை கடாரம் சென்றது. பல கலங்களை அலைகடல் நடுவே செலுத்தியதாக மெய்க்கீர்த்தி பெருமை பேசினாலும் அவற்றின் அமைப்பைச் சொல்லவில்லை. அக்கடல்வழியை நன்கறிந்தவர்கள் வணிகர்கள். அவர்களுடைய மரக்கலங்களும் மாலுமிகளும் இன்றி அப்படையெடுப்பு நடந்திருக்காது என்றே கொள்ளவேண்டும். சுமத்ராவின் பாரூசில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088இல் தமிழ்க் கல்வெட்டு நாட்டியதும் இதற்குத் துணைநிற்கிறது.

பக்கவாட்டில் பீரங்கி ஏற்றிய ஐரோப்பியக் கப்பல்கள் வந்தபின் நிலைமை மாறியது. ஆனால் அந்தப் பெருங்கப்பல்களாலும் சென்னைக் கரையை நெருங்க முடியவில்லை. துறைமுகம் கட்டப்படும்வரை ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலா படகு. அதில் ஆணியே கிடையாது. பலகைகளில் துளையிட்டு, இடுக்கில் வைக்கோல் வைத்து, தேங்காய் நார்க்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அறையும்போது பலகைகள் நெகிழ்ந்து கொடுக்கும். விறைப்பான ஐரோப்பியப் படகு அதே அலையில் உடைந்துபோகும். கரையோரத் தச்சரின் இந்த அறிவுக்கு வரலாற்று நூல்கள் இன்னும் உரிய இடம் தரவில்லை.

நீராவிக் காலத்தில் போட்டி கட்டணத்தில் நடந்தது. வ.உ.சிதம்பரனார் 1906 அக்டோபரில் பத்து லட்சம் ரூபாய் மூலதனத் திட்டத்தோடு சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய். முதலில் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டிய கம்பெனிக்கு 1907இல் 'காலியா', 'லாவோ' என்ற சொந்தக் கப்பல்கள் வந்தன. தூத்துக்குடி–கொழும்பு வழியில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பலை வாங்குவதைவிட, அரசின் பகைக்கிடையே அதை ஓட்டுவதே கடினமாக இருந்தது.

கட்டணப் போட்டி ஓய்ந்த சில ஆண்டுகளில், முதல் உலகப்போரின்போது, போரே இக்கரைக்கு வந்தது: 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் 'எம்டன்' சென்னையின் எண்ணெய்க் கிடங்குகள்மீது குண்டு வீசியது.

இன்று சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளிக் கப்பல்தளத்தில் போர்க்கலங்கள் உருவாகின்றன. நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பலான 'அர்னாலா' அங்கே கட்டப்பட்டு, 2025 ஜூனில் கடற்படையில் சேர்ந்தது. தூத்துக்குடியின் மரத்தோணிகளும் பாயோடு எந்திரத்தையும் பொருத்திக்கொண்டு, தண்டல் எனப்படும் தோணித் தலைவர்களின் பொறுப்பில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிவந்திருக்கின்றன.